கழிச்சுப் போட்ட எலுமிச்சையும் வெங்காயத் தோல் பூஞ்சையும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம். இப்பவும் ஒரு பில்ட் ஓடிக்கிட்டு இருக்கிற கேப்ல உக்காந்துதான் இதைத் தட்டுறேன். நீளமான பதிவு, முன்னாடியே சொல்லிடறேன். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

புளியங்குடி பக்கம் எங்க மாமாவுக்கு நாலு ஏக்கர் எலுமிச்சை இருக்கு. சித்திரை வைகாசியில ஒவ்வொரு பழத்தையும் எண்ணி விப்பாங்க. மழைக்காலம் வந்து வரத்து கூடிட்டா அதே பழம் பறிகூலிக்குக் கூடக் காணாது. அதுலயும் கமிஷன் கடையில தரம் பிரிக்கும்போது சொறி விழுந்தது, பொடிக்காய், பழுத்து மெத்துன்னு ஆனதுன்னு ஒரு குவியல் தனியா ஒதுங்கும். அந்தக் குவியலை என்ன பண்றதுன்னுதான் யாருக்கும் தெரியாது. போன வருஷம் நான் ஆன்சைட்ல இருந்தப்போ மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, எஞ்சினியருக்குப் படிச்சிருக்க. இந்தக் கழிவுப் பழத்தை வச்சு ஒரு பவுடரோ கிவுடரோ பண்ண முடியாதாடே?"

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். கெமிஸ்ட்ரியோட என் உறவு முதல் வருஷ லேப்ல தண்ணியோட கடினத்தன்மையை அளந்ததோட முடிஞ்சு போச்சு. ஆனா மாமாகிட்ட அதைச் சொன்னா எடுபடாது. எங்க குடும்பத்துல எஞ்சினியர்னா மிக்ஸி ரிப்பேரிலேர்ந்து ராக்கெட் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். "பார்த்துச் சொல்லுதேன் மாமா"ன்னு வச்சுட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அப்போ நான் வேலை பார்த்துக்கிட்டிருந்தது கலிபோர்னியாவுல, ஆரஞ்ச் கவுண்டியில. பேருக்குத்தான் ஆரஞ்சு. தோப்புகளை அழிச்சு வீடு கட்டியாச்சு. டிஸ்னிலேண்டே 1955ல ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடத்துலதான் எழும்பிச்சு. வீட்டு வாடகை குறைவுன்னு நாங்க நாலு பேர் கொரோனாங்கிற ஊர்ல தங்கி, தினமும் 91ஆம் நம்பர் சாலையில ஊர்ந்து ஊர்ந்து ஆபீஸ் போவோம். (பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். சவுத் ரிவர்சைடுன்னு இருந்த ஊருக்கு 1896லயே அந்தப் பேரு வச்சாச்சு, ஸ்பானிஷ்ல கிரீடம்னு அர்த்தம். ஊர் நடுவுல கிட்டத்தட்ட மூணு மைல் சுத்தளவுல வட்டமா ஒரு சாலை. அதுல 1913, 1914, 1916ன்னு மூணு வருஷம் கார் ரேஸ் நடத்தியிருக்காங்க. கடைசி வருஷம் நடந்த விபத்துல ஓட்டுநரே செத்துப் போக, ஊத்தி மூடிட்டாங்க.)

அந்த ஊர் ஒரு காலத்துல உலகத்தோட எலுமிச்சைத் தலைநகரம்னு பேர் வாங்கின ஊர். மாமா கேட்ட அதே கேள்விக்கு 1915ல பதில் தேடின ஊரும் அதுதான். தினமும் அந்த ஊரைத் தாண்டிப் போயும் எனக்குத் தெரியலை. ஒரு சனிக்கிழமை பொழுது போகாம ஊர் நூலகத்துக்குள்ள நுழைஞ்சப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு மாசம் ராத்திரி தூக்கம் போச்சு.

கதை கொரோனாவுல ஆரம்பிக்கலை. சிசிலியில ஆரம்பிக்குது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடறேன். நாம எலுமிச்சைன்னு சொல்ற மெல்லிசுத் தோல் பழத்தை வெள்ளைக்காரன் லைம்ங்கிறான். அவன் லெமன்ங்கிறது தடித்தோல், ரெண்டு பக்கமும் கூம்பா, மஞ்சளா இருக்கும். ரெண்டும் வேற வேற இனம். இந்தக் குழப்பம் ஆளையே கொன்னிருக்கு. ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை நல்லதுன்னு ஜேம்ஸ் லிண்ட் 1747ல கப்பல்ல வச்சு சோதிச்சார். 1795லேர்ந்து பிரிட்டிஷ் கடற்படையில லெமன் சாறு கொடுக்க ஆரம்பிச்சாங்க, நோய் ஓடிப்போச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல 'நம்ம காலனியிலயே விளையுதே'ன்னு மேற்கிந்தியத் தீவுகளோட லைம் சாறுக்கு மாறினாங்க. அதுல வைட்டமின் சி ரொம்பக் குறைவு. 1875ல வடதுருவத்துக்குப் போன பிரிட்டிஷ் குழுவுல திரும்பவும் ஸ்கர்வி வந்துடுச்சு. மாமா தோட்டத்துல இருக்கிறது அந்த மேற்கிந்தியப் பழத்தோட சொந்தக்காரன்தான். ஆனா புளிப்புல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்லை.

அந்தப் புளிப்புதான் சிட்ரிக் அமிலம். 1784ல கார்ல் வில்லெம் ஷீலேன்னு ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் எலுமிச்சைச் சாறுலேர்ந்து அதைப் படிகமா பிரிச்சு எடுத்தார். அவர் செஞ்ச வழி இன்னைக்கும் எவ்ளோ எளிமையா இருக்கு பாருங்க. சாறுல சுண்ணாம்புக் கல் தூளைப் போட்டா நுரைச்சுக்கிட்டு கால்சியம் சிட்ரேட்டா மாறும். சாதாரணமா எதுவுமே சூட்டுல நல்லாக் கரையும், ஆறினா படியும். இது தலைகீழ். சூடு பண்ணினாத்தான் கரையாம அடியில படியும். சூட்டோட வடிகட்டி எடுத்துக்கணும். அதுல கந்தக அமிலத்தை ஊத்தினா ஜிப்சம் கீழ போயிடும், சிட்ரிக் அமிலம் மேல தண்ணியில நிக்கும். காய்ச்சி உறைய வச்சா படிகம்.

1826 வாக்குல இங்கிலாந்துல இதைத் தொழிலா ஆரம்பிச்சாங்க. சரக்கு வந்தது இத்தாலியிலேர்ந்து. துணியில அச்சடிக்க, மருந்துக்கு, லெமனேடுக்குன்னு தேவை ஏறிக்கிட்டே போச்சு. சிசிலிக்காரங்க நல்ல பழத்தையெல்லாம் பெட்டியில அடுக்கி நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் அனுப்பிடுவாங்க. கழிச்ச பழம்தான் இதுக்கு வரும். முதல்ல பழத்தை வெட்டி, தோலைத் தனியா எடுத்து, கையாலயே கடற்பஞ்சு மேல வச்சு அழுத்துவாங்க. தோல்ல இருக்கிற எண்ணெய் பஞ்சுல ஊறும், பஞ்சைப் பிழிஞ்சா எண்ணெய். அது வாசனைத் திரவியத்துக்குப் போகும். சதையைப் பிழிஞ்சா சாறு. அதை ஆரம்பத்துல கருக்கக் காய்ச்சி, கெட்டியா பீப்பாயில அனுப்பினாங்க, பின்னாடி சுண்ணாம்பு போட்டு சிட்ரேட் பொடியாவே அனுப்பினாங்க. சக்கை மாட்டுக்கு. ஒரு துளி வீண் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்திச்சு. சிசிலிக்காரன் பாதி தூரம்தான் போறான். சிட்ரேட் பொடி வரைக்கும் அவன் வேலை. கடைசிப் படிகத்தைச் செஞ்சு லாபம் பார்த்ததுல பெரும்பங்கு இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா. ப்ரூக்ளின்ல இருந்த ஃபைசர் கம்பெனி 1880லேர்ந்து சிட்ரிக் அமிலம் பண்ணுது, சரக்கெல்லாம் இறக்குமதி. (ஆமா, தடுப்பூசி போட்டுக்கிட்டோமே அதே ஃபைசர்தான்.) உலகத்தோட சிட்ரேட் கிட்டத்தட்ட முழுசும் சிசிலி கையில இருந்தும், விலையை அவங்களால நிறுத்தி வைக்க முடியலை. ஏறும், இறங்கும், விவசாயி தவிப்பான். கடைசியில 1908ல இத்தாலி அரசாங்கமே சட்டம் போட்டு மெஸ்ஸினாவுல ஒரு சிட்ரஸ் வாரியம் வச்சு, விற்பனையை ஒரே கையில கொண்டு வரப் பார்த்துச்சு. அதே வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி விடியக்காலை பூகம்பம். மெஸ்ஸினா நகரமே தரைமட்டம்.

அந்த நேரத்துல கலிபோர்னியாவுல வேற கூத்து நடந்துக்கிட்டிருந்தது. ரிவர்சைடுல 1873ல எலைஸா டிபெட்ஸ்னு ஒரு அம்மா நட்டு வச்ச நேவல் ஆரஞ்சுக் கன்னுலேர்ந்துதான் அந்த ஊரோட ஆரஞ்சு வியாபாரமே எழும்பிச்சு. அந்தத் தாய் மரம் ஒண்ணு இன்னும் உசிரோட நிக்குது, கம்பி வேலி போட்டு வச்சிருக்காங்க. நான் போய்ப் பார்த்தேன். கோயில் ஸ்தல விருட்சம் மாதிரி இருந்துச்சு, மஞ்சத்துணி கட்டாததுதான் குறை :-)

அங்கேயும் ஆரம்பத்துல விவசாயி தனித்தனியா வியாபாரிகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கான். 1893ல கூட்டா சேர்ந்து விக்க ஒரு அமைப்பு போட்டாங்க. அது 1905ல கலிபோர்னியா ஃப்ரூட் குரோயர்ஸ் எக்ஸ்சேஞ்ச்னு ஆச்சு. 1908ல 'சன்கிஸ்ட்'னு பிராண்ட். மெல்லிசுக் காகிதத்துல ஒவ்வொரு பழத்தையும் சுத்தி, பேர் அச்சடிச்சு விப்பாங்க.

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். பிராண்ட்னு வந்துட்டா என்ன அர்த்தம்? தழும்பு இருக்கிற பழத்துல அந்தப் பேரை ஒட்ட முடியாது. நேத்து வரைக்கும் சந்தையில சும்மா வித்துக்கிட்டிருந்த பழம், காகிதம் சுத்த ஆரம்பிச்ச அன்னைக்கே கழிவாயிடுச்சு. நல்ல பழத்துக்கு விலை ஏத்தின அதே வேலை கழிவுக் குவியலையும் ஏத்தி விட்டுருச்சு. எங்க மாமா குவியல் தரம் பிரிக்கிற மேசையிலதான் பொறக்குது. தோட்டத்துல இருக்கிற வரைக்கும் அது வெறும் பழம்தான்.

அதுக்கு மேல 1913 ஜனவரியில பெரும் உறைபனி. ராத்திரி முழுக்க தோப்புல எண்ணெய்ச் சட்டி எரிச்சும் காப்பாத்த முடியலை. உறைஞ்ச பழம் வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள நாள் ஆக ஆக வறண்டு சக்கையாயிடும். அதை நல்ல பழம்னு வித்தா பேர் கெட்டுப் போகும். விக்காட்டி என்ன பண்றது?

1915ல எலுமிச்சை விவசாயிகளோட சங்கங்கள் சேர்ந்து கொரோனாவுல 'எக்ஸ்சேஞ்ச் பை-ப்ராடக்ட்ஸ்' கம்பெனியை ஆரம்பிச்சாங்க. பின்னாடி இது எக்ஸ்சேஞ்ச் லெமன் ப்ராடக்ட்ஸ்னு பேர் மாறிச்சு. கழிச்ச எலுமிச்சை லாரி லாரியா அங்க போகும். ஆரஞ்சுக்குன்னு அடுத்த வருஷமே இன்னொண்ணு. முதல்ல சான் டிமாஸ், அப்புறம் ஒன்டாரியோங்கிற ஊர். இதுல யாரும் தனி முதலாளி கிடையாது. வித்து வந்த காசு பழம் கொடுத்தவனுக்கே திரும்பப் போகும். அமெரிக்க விவசாயத் துறையும் தன் வேதியியல்காரங்களை வச்சு லாஸ் ஏஞ்சலஸ்ல இதுக்குன்னு ஒரு ஆய்வுக்கூடம் நடத்துச்சு. அவங்க கண்டுபிடிச்சதை எந்த விவசாயியும் எடுத்துக்கலாம். நம்ம பாஷையில சொன்னா ஓப்பன் சோர்ஸ்.

நேரமும் கூடி வந்துச்சு. முதல் உலகப்போர்ல சிசிலி சரக்கு தடுமாறிச்சு, சிட்ரிக் அமிலத்தோட விலை ஏறிச்சு. போதாக்குறைக்கு 1914ல பிரஸ்ஸல்ஸ்லயும் பியூனஸ் அயர்ஸ்லயும், 1915ல நியூயார்க்லயும் டாக்டர்கள் ஒரு விஷயம் காட்டினாங்க: ரத்தத்துல கொஞ்சம் சோடியம் சிட்ரேட் கலந்தா உறையாது, எடுத்து வச்சு இன்னொருத்தருக்கு ஏத்தலாம். அதுவரைக்கும் கொடுக்கிறவரையும் வாங்குறவரையும் பக்கத்துல படுக்க வச்சு நேரடியாத்தான் ஏத்தணும். போர்க்களத்துக்குப் பின்னாடி பெட்டியில ரத்தம் சேமிச்சு வைக்க முடிஞ்சது இந்தப் புளிப்பு உப்பால.

ஆக, கொரோனாக்காரங்களுக்கு ஜாக்பாட். மாமா கேட்ட பவுடரை நூறு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. நான் அந்த சனிக்கிழமை சாயங்காலம் மாமாவுக்கு போன் போட்டு "கண்டுபிடிச்சுட்டேன்!"னு சொல்லலாம்னு போனைக் கையில எடுத்தேன். ஊர்ல அப்போ விடியக்காலை. சரி, காலையில பேசுவோம்னு வச்சுட்டு மிச்சத்தைப் படிச்சேன். படிக்காமலே பேசியிருக்கலாம்.

உங்க வீட்டு வெங்காயத் தோலை உரிக்கும்போது மேல கறுப்பா மை மாதிரி பொடி ஒட்டியிருக்கும் பாருங்க. அது அஸ்பர்ஜில்லஸ் நைஜர்ங்கிற பூஞ்சை. (2021ல பயமுறுத்தின 'கருப்புப் பூஞ்சை' வேற, இது வேற.) ஜேம்ஸ் கர்ரின்னு ஒருத்தர், அமெரிக்க விவசாயத் துறையில பாலாடைக்கட்டியில வர்ற பூஞ்சைகளை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தவர். இந்தக் கறுப்புப் பூஞ்சை சர்க்கரைத் தண்ணியில வளரும்போது சிட்ரிக் அமிலம் விடுதுன்னு கவனிச்சார். பூஞ்சை அமிலம் கொடுக்கும்னு ஜெர்மனியில வேமர் 1893லயே சொல்லியிருந்தார், ஆனா தொழிலா பண்ணப் போய்க் கையைச் சுட்டுக்கிட்டாங்க. கர்ரி கண்டுபிடிச்ச சூட்சுமம் ஒண்ணே ஒண்ணு: ஆரம்பத்துலயே தண்ணியை நல்லாப் புளிப்பாக்கிடு. அந்தப் புளிப்புல வேற கிருமி எதுவும் பிழைக்காது, இந்தப் பூஞ்சை மட்டும் ஜாலியா வளரும், அமிலமும் கொட்டும். 1917ல கட்டுரை வந்துச்சு. அதே வருஷம் ஃபைசர் அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. 1919ல ப்ரூக்ளின்ல தட்டுத்தட்டா சர்க்கரைக் கரைசல், அது மேல பூஞ்சை ஆடை, உற்பத்தி ஆரம்பம்.

எலுமிச்சைச் சாறுல அமிலம் நூத்துக்கு அஞ்சாறு பங்குதான். மீதி தண்ணி. பழம் வர்ற சீசன்ல மட்டும் வரும், அழுகும், வண்டி வாடகை ஆகும். சர்க்கரை மூட்டை வருஷம் முழுக்கக் கிடைக்கும். இருபதுகள் முடியுறதுக்குள்ள சிசிலி சிட்ரேட் தொழில் படுத்துடுச்சு. நூறு வருஷமா கடற்பஞ்சைப் பிழிஞ்சு வாழ்ந்த ஊர்களுக்கு அட்லாண்டிக்குக்கு அந்தாண்ட ஒரு தட்டுல வளர்ற பூஞ்சை போட்டியா வரும்னு யார் சொல்லியிருக்க முடியும்? இன்னைக்கு உலகத்துல வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல சிட்ரிக் அமிலம் தயாராகுது, பெரும்பங்கு சீனாவுல, மக்காச்சோளம் மாதிரி மாவுச்சத்துலேர்ந்து. ஜாம் பாட்டில்ல, கூல்டிரிங்க்ஸ்ல, சோப்புத்தூள்ல இருக்கிற சிட்ரிக் அமிலத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை.

(இன்னொரு கிளைக்கதை: பூஞ்சையைத் தொட்டியில வளர்த்துப் பழகின அனுபவம்தான் ஃபைசருக்குப் பின்னாடி பென்சிலின்ல கை கொடுத்தது. 1944ல ப்ரூக்ளின்ல ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியில பெரிய பெரிய தொட்டி வச்சாங்க. நார்மண்டி கடற்கரையில இறங்கின வீரர்களுக்குப் போன பென்சிலின்ல பெரும்பகுதி அங்கேர்ந்து போனதுதான். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.)

அப்போ கொரோனா என்ன ஆச்சு? அதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அவங்க படுக்கலை. சிட்ரிக் அமிலத்தை விட்டுடாம ஒரு ஓரமா பண்ணிக்கிட்டே பழத்தோட மத்த பாகங்களைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. தோலுக்கு உள்பக்கம் வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கே, அதுல பெக்டின் இருக்கு. ஜாமை உறைய வைக்கிற சரக்கு. பிரான்ஸ்ல பிரகோன்னோ 1825லயே அதுக்குப் பேர் வச்சாச்சு. அமெரிக்காவுல முதல்ல ஆப்பிள் சக்கையிலேர்ந்து எடுத்தாங்க. கொரோனாக்காரங்க எலுமிச்சைத் தோல்லேர்ந்து எடுத்தாங்க. ஜாமுக்கு மட்டும் இல்லை, வயித்துப்போக்கு மருந்துலயும் போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் உலக பெக்டின்ல பெரும்பங்கு சிட்ரஸ் தோல்லேர்ந்துதான் வருது. அதை எந்தப் பூஞ்சையாலயும் இதுவரைக்கும் அடிச்சுக்க முடியலை.

ஆரஞ்சுக்கோ இன்னும் சுலபமா ஒரு வழி கிடைச்சுது. 1916ல 'ஆரஞ்சைக் குடியுங்கள்'னு விளம்பரம். அதுக்கு முன்னாடி ஆரஞ்சு உரிச்சுத் தின்ற பழம். ஒரு ஆளுக்கு ஒரு பழம், அவ்ளோதான். டம்ளர்ல ஊத்தினா ரெண்டு மூணு பழம் காலி. சக்கையைக் காய வச்சு மாட்டுத்தீவனம் ஆக்கினது முப்பதுகள்ல, ஃப்ளோரிடாவுல. ஈரச்சக்கை வழவழன்னு பிழியவே வராது. அதுலயும் நம்ம சுண்ணாம்புதான், கொஞ்சம் கலந்தா வழவழப்பு முறிஞ்சு தண்ணி விட்டுடும். தோல் எண்ணெயோட லிமோனீன் என்னாச்சு தெரியுமா? ஓசோன் ஓட்டைக்காக 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்ட பிறகு, சர்க்யூட் போர்டு கழுவ அது மாதிரி டெர்பீன் கரைப்பான்கள் வந்துச்சு. ஹார்ட்வேர் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ரொம்பப் புகழ்ந்துட்டேன், ஒரு விஷயத்தை மறைச்சா தப்பு. இவ்ளோ கம்பெனி இருந்தும் முப்பதுகளோட பஞ்சத்துல ஆரஞ்சைக் கொட்டி மண்ணெண்ணெய் ஊத்தியிருக்காங்க, பசியில இருக்கிறவன் பொறுக்கித் தின்னா விலை விழும்னு. ஸ்டைன்பெக் 1939ல எழுதின 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல்ல அது வரும். 1936ல ஆரஞ்ச் கவுண்டியில பழம் பறிக்கிற தொழிலாளிங்க, பெரும்பாலும் மெக்சிகோக்காரங்க, கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ணினப்போ அடிச்சு ஒடுக்கினாங்க. தோப்பு வச்சிருந்தவன் சங்கமா சேர்ந்தது புத்திசாலித்தனம். பறிக்கிறவன் சேர்ந்தா மட்டும் கலகம்.

கொரோனா தொழிற்சாலை 1982ல மூடிட்டாங்க. எலுமிச்சைத் தோப்பெல்லாம் வீடாயிடுச்சு. அதுல ஒண்ணுலதான் நாங்க நாலு பேர் வாடகைக்கு இருந்தோம்.

மறுநாள் மாமாவுக்கு போன் போட்டேன். அமிலப் பவுடர் வேலைக்காகாது மாமா, சீனாக்காரன் விலைக்கு நம்மால முடியாதுன்னேன். தோல்ல பெக்டின் இருக்குன்னு சொன்னதும் குஷியாயிட்டார்.

"அப்போ பிழிஞ்சுட்டுத் தோலை மொட்டை மாடியில காயப் போட்டுட வேண்டியதுதானே?"

இல்லை மாமா, மெதுவா வெயில்ல காய வச்சா தோல்ல இருக்கிற நொதியே பெக்டினைக் கெடுத்துடும். பிழிஞ்ச உடனே சூடு காட்டி, சர்க்கரை போக அலசி, மெஷின்ல காய வைக்கணும். ஒரு தோட்டத்துப் பழம் பத்தாது. நாளைக்கு லாரி கணக்குல வேணும். ஊர்ல எல்லாரும் சேர்ந்தாத்தான்னு சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எல்லாருமா? மேலத்தோட்டத்துக்காரன்கிட்ட நான் பேசி ஆறு வருஷம் ஆச்சு மாப்ள."

கிணத்துத் தகராறு. எனக்கும் தெரியும். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? இந்த வருஷம் கழிவுப் பழத்தையெல்லாம் ஊறுகாய்க்காரருக்குப் போட்டிருக்கார். போன வாரம் திரும்பவும் போன்ல கேட்டார், "அந்த மெஷின் என்ன விலை இருக்கும்டே?"ன்னு. விசாரிச்சுக்கிட்டிருக்கேன். சின்ன அளவுல பழத்தோல் காய வைக்கிற டிரையர் யாராவது பயன்படுத்திப் பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பில்ட் ஃபெயில் ஆயிடுச்சு, நான் கிளம்புறேன்.